மரைக்காருக்கு ஆகாத சொல்

அச்சிமுகம்மது மரைக்காருக்கு உலகத்தில் ஆகாதவை ஏராளம். ஆறிப்போன தேத்தண்ணி ஆகாது. பாங்கு சொன்ன பிறகும் பள்ளிவாசல் வாசலில் நின்று வியாபாரக் கதை கதைக்கிறவர்கள் ஆகாது. வானம் கறுத்த பிறகு வந்து "மழை வரும் போல இரிக்கி" என்று புதினம் சொல்கிறவர்களும் ஆகாது. ஆனால் ஐம்பத்தைந்தாம் ஆண்டு அறுவடைக் காலத்தில் இத்தனையையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரேயொரு சொல் முன்னுக்கு வந்து நின்றது. அதுவும் இங்கிலீஷ்காரனுடைய சொல். றைட்.

அந்தச் சொல்லை அவருடைய வீட்டுக்குள் கொண்டுவந்தவன் ஜவுபர். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடும் பஸ்ஸில் கொண்டக்டர். நல்ல உயரம், நல்ல பல், ஐந்து வேளையும் தொழுகிறவன், தாயைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவன். மரைக்காரின் ஒரே மகள் நதீராவுக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது மரைக்காரின் மனைவி ஸகியாவின் தம்பி அபுல் ஹஸன். இந்த மாப்பிள்ளையில் குறை தேடுவதென்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேட வேண்டும். மரைக்கார் அப்படித்தான் தேடினார்.

மாப்பிள்ளையையும் அவனுடைய தாய்மாமன் பளீலையும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிட அழைத்திருந்தார்கள். சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு ஆண்கள் உட்கார வேண்டும். "இரிங்க தம்பி" என்றார் மரைக்கார். "றைட் மாமா" என்று ஜவுபர் உட்கார்ந்தான். அந்த ஒன்றை மரைக்கார் பொறுத்துக்கொண்டார். கறிக்கு உப்புக் காணுமா என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஸகியா கேட்டாள். "றைட் மாமி." இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று அபுல் ஹஸன் அகப்பையைத் தூக்கியபோது, கையை விரித்துத் தடுத்தபடி "றைட், றைட்" என்றான். அது போதும் என்பது. தண்ணீர்ச் செம்பை நீட்டியதற்கும் அதேதான். அது நன்றி. மரைக்காருக்கு மிளகாய் கடிபட்டுப் புரையேறியது. பக்கத்தில் இருந்த ஜவுபர் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே "றை...ட், றை...ட், றை...ட்" என்று இழுத்து இழுத்துச் சொன்னான். பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது அப்படித்தான் சொல்வார்கள் என்று அபுல் ஹஸன் விளக்கம் கொடுத்தார்.

கடைசியாக, தன்னுடைய மூத்த காக்கா, கூடப் பிறந்த அண்ணன், போன நோன்பில் மௌத்தாகி அடக்கமான கதையை மரைக்கார் சொன்னார். ஜவுபர் சோற்றில் இருந்த கையை எடுத்தான். தலையைக் குனிந்து ஓத வேண்டியதை ஓதினான். பிறகு மிகவும் மெதுவாக, "றைட்" என்றான். அந்த றைட்டில் உண்மையான கவலை இருந்தது. அதை மறுக்க முடியாமல் போனதால்தான் மரைக்காருக்குக் கோபம் இன்னும் கூடியது.

விருந்தாளிகள் போனதும் அவர் வெடித்தார்.

"ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து இரிக்கோணும். வா எண்டா வா, போ எண்டா போ. இவன் இரிக்கிறதுக்கும் அதுதான், எழும்புறதுக்கும் அதுதான், மௌத்துக்கும் அதுதான். நாளைக்கி ஒரு புள்ள கிடைச்சா அதுக்கும் அதையே பேரா வெச்சிருவான்."

"பேரு கூப்பிட லேசாத்தான் இரிக்கும்" என்றாள் ஸகியா, சஹனைக் கழுவிக்கொண்டே.

"உனக்குப் பகிடியா இரிக்கி."

"இஞ்சாருங்க. நிந்தவூர் மாஸ்டர் சிரிக்கக்குள்ள சத்தம் வரல்ல எண்டு வேணாம் எண்டீங்க. மருதமுனைக்காரர்ர சைக்கிள் மணி பெலத்த சத்தம் எண்டு வேணாம் எண்டீங்க. சத்தம் இல்லாட்டியும் குத்தம், இரிந்தாலும் குத்தம். ஒங்களுக்கு மாப்பிள்ளமார்ல ஒரு கோவமும் இல்ல. வூட்ட வுட்டு இறங்குறதுக்குத்தான் மனமில்ல."

மரைக்கார் எழுந்து வெளியே போனார்.

அந்தப் பக்கத்து வழக்கத்தைச் சொல்லாவிட்டால் மரைக்காரின் மனவேதனை விளங்காது. அங்கே கல்யாணம் முடிந்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவான். வீடு மகளுக்குச் சீதனம். வாப்பாவும் உம்மாவும் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கத்தில் ஒரு சிறு வீட்டைக் கட்டி இறங்கிவிட வேண்டும். எல்லா வாப்பாமாரும் அப்படித்தான் இறங்கினார்கள். மரைக்காரின் மாமனாரும் இவருக்காக ஒரு நாள் இறங்கியவர்தான். அப்போது மரைக்காருக்கு இருபத்தொரு வயது. மாமனார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அந்தப் பழைய மண் வீட்டை உடைத்து அதே நிலத்தில் இவர் சுட்ட கல்லால் கட்டிய வீடு இது. நான்கு தூண்களையும் தானே நின்று பூசுவித்தார். ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். அந்தக் கூரைக்குக் கீழே இனிமேல் காலையில் எழுந்து கொட்டாவி விடப் போகிறவன் ஒரு றைட்காரன் என்பதை நினைக்க நினைக்க அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் மகளுக்கு இருபது வயது ஆகிவிட்டது. இன்னொரு மாப்பிள்ளையையும் தட்டிக்கழித்தால் ஊர் வாயை மூட முடியாது. ஆகவே, அவர் தட்டிக்கழிக்கக் கூடாது. மாப்பிள்ளை தானாகவே தட்டிப்போக வேண்டும். அதற்கு ஒரு வழி அஸர் தொழுகையில் கடைசி ரக்அத்தில் அவருக்குத் தோன்றியது. தொழுகையில் இப்படி யோசித்ததற்காகப் பிறகு பாவமன்னிப்புக் கேட்டார். யோசனையை மட்டும் விடவில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் ஜவுபரை மறித்தார். அபுல் ஹஸனும் பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, நிகாஹ் சபையில பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்மார் எல்லாரும் இரிப்பாங்க. நிகாஹ் ஓதுற லெப்பை உங்களுக்கிட்ட ஏத்துக்கிட்டீங்களா எண்டு கேட்டா, அறபில முறையா பதில் சொல்லோணும். அந்த இடத்தில நீங்க வாய் தவறி உங்கட சொல்லச் சொல்லிப்போட்டா, இந்த ஊரு எனக்கு என்ன பட்டம் வைக்கும் எண்டு தெரியுமா?"

அது பொய்யான பயமல்ல. கல்முனையில் ஒரு மனிதர் ஒரு தடவை சறுக்கி விழுந்தால் அவருடைய பேரப்பிள்ளைகள் வரைக்கும் சறுக்கியார் குடும்பம்தான்.

"அதனால, நிகாஹ் முடியிற வரைக்கும் அந்தச் சொல் உங்கட வாயில வரப்படாது. வந்திச்செண்டா இந்தப் பேச்சு அந்த இடத்தில முறிஞ்சது. சம்மதமா?"

ஜவுபரின் வாய் "றை" என்று குவிந்தது. அபுல் ஹஸன் அவனுடைய காலை மிதித்தார். வாய் மூடிக்கொண்டது. மிதிபட்ட காலை இழுத்துக்கொண்டு, "வல்லாஹி, சொல்ல மாட்டன் மாமா" என்றான்.

அல்லாஹ்வின் பேரில் சத்தியம். மரைக்கார் வீட்டுக்குப் போகும் வழியில் தன்னை அறியாமலே ஒரு பைத்துப் பாட்டைச் சீட்டியடித்தார். நாள் முழுவதும் அந்தச் சொல்லைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் ஒரு பகலைத் தாண்டுவானா? நாளை லுஹர் தொழுகைக்கு முன்னாலேயே சத்தியம் உடையும். வீடு தப்பும்.

மறுநாள் காலை அவரே போய் அந்த பஸ்ஸில் ஏறினார். சாகாமத்தில் அவருடைய வயலில் அறுவடை வெட்டுக்காரர் இறங்கியிருந்தார்கள். அக்கரைப்பற்றுக்குப் போய் அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். போகிற போக்கில் மாப்பிள்ளை சத்தியத்தை உடைக்கும்போது காதால் கேட்டதாகவும் இருக்கும். முன்னால் இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்கதவடியில் ஜவுபருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

பஸ் நிறைந்தது. ஜவுபர் கடைசி ஆளையும் ஏற்றிவிட்டு, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் அசையவில்லை. "போவம் அண்ணே" என்றான். அசையவில்லை. கையைத் தட்டினான், தொண்டையைக் கனைத்தான், குனிந்து கண்ணாடி வழியாகச் சைகை காட்டினான். பஸ் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

டிரைவர் பெனடிக் நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் பிடிதான். ஒருமுறை யாரோ விளையாட்டுக்குத் தகரத்தில் தட்ட, அதை நம்பி இவர் பஸ்ஸை எடுக்க, படியில் கால் வைத்திருந்த ஒரு கிழவர் கீழே விழுந்துவிட்டார். கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெனடிக்குக்குத்தான் ஒரு கிழமை காய்ச்சல் காய்ந்தது. காய்ச்சல் விட்டதும் நேராகச் சொறிக்கல்முனைக் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தார். பின்கதவிலிருந்து றைட் என்ற சொல் காதில் விழாமல் இனிமேல் கியரில் கை வைப்பதில்லை என்பது நேர்த்தி. அது கரையோரம் முழுக்கத் தெரியும். மரைக்காருக்கு மட்டும் தெரியாது.

"ஜவுபர், என்ன, நித்திரையா" என்று முன்னாலிருந்து கேட்டார் பெனடிக்.

"எல்லாரும் ஏறிட்டாங்க அண்ணே. எடுங்க."

"எடுக்கிறன். சொல்லு."

"சொல்ல ஏலாது அண்ணே."

"ஏன் ஏலாது?"

ஜவுபர் மரியாதையாக மரைக்காரைப் பார்த்தான். பஸ் முழுவதும் திரும்பி மரைக்காரைப் பார்த்தது. அவன் கதையை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னான். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கூட்டியிருந்தால் மரைக்கார் மறுத்திருப்பார்.

"அப்ப உனக்குச் சத்தியம், எனக்கு நேர்த்தி" என்றார் பெனடிக். எஞ்சினை நிற்பாட்டினார். பீடி ஒன்றைப் பற்றவைத்தார்.

வெயில் ஏறியது. கூரையில் கட்டியிருந்த கருவாட்டுக் கூடை தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்கியது. காரைதீவுக்குப் போகிறவர்கள் நடந்தே போயிருக்கலாம் என்றார்கள். அக்கரைப்பற்றில் படிப்பிக்கிற கிருபாமலர் டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கடைசியில் மரைக்காரையே பார்த்தார்.

"மரைக்கார், கோவிக்கப்படாது. அவர்ர வாயப் பூட்டினது நீங்க. டிரைவர்ர காதுக்கு அந்தச் சொல் வேணும். நீங்களே ஒருக்காச் சொல்லிவிட்டா ஒரு சத்தியமும் உடையாது, ஒரு நேர்த்தியும் உடையாது. பின்கதவிலதானே நிக்கிறீங்க."

சாகாமத்தில் கூலிக்கு வந்தவர்கள் வரம்பில் குந்திக்கொண்டிருப்பார்கள். மரைக்கார் தாடியைத் தடவினார். வெளியே பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே "றைட்" என்றார்.

"ஆரோ விக்கின மாதிரிக் கேட்டது" என்றார் பெனடிக்.

"றைட்."

"கேக்கல்ல மரைக்கார்."

"றைட்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காகம் பறந்தது. பஸ் புறப்பட்டது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மானம் கப்பலேறிப் போனதை மரைக்கார் தன் கண்ணாலேயே பார்த்தார்.

கல்முனையோடு முடிந்தால் பரவாயில்லை. அக்கரைப்பற்று வரைக்கும் எத்தனை இடத்தில் பஸ் நின்றதோ அத்தனை இடத்திலும் அவர் திருவாய் மலர வேண்டியிருந்தது. காரைதீவில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நிந்தவூரில் தொண்டை கட்டியது. அட்டாளைச்சேனையில் ஏறிய ஒரு மனிசி அவரிடமே டிக்கட் கேட்டாள்.

அடுத்த நாளும் வெட்டு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. மாட்டு வண்டியில் போகலாமே என்று அபுல் ஹஸன் சொன்னார். "அவன ஆர் கவனிக்கிறது" என்றார் மரைக்கார். அவர் ஏறாத நேரங்களில் பின்கதவடியில் நிற்கும் எவனாவது ஒருவனைச் சொல்லவைத்து ஜவுபர் சமாளித்துக்கொண்டான். ஆனால் மரைக்கார் ஏறிவிட்டால் அந்த உரிமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதைப் பயணிகள் கவனித்தார்கள். பாலமுனையில் ஒரு பொடியன் முந்திக்கொண்டு றைட் சொன்னதற்கு அவனை முறைத்த முறையில் அவன் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டான்.

தப்பும் நடந்தது. ஒலுவிலில் ஒருநாள் வெயில் தாங்காமல் அவசரப்பட்டு மரைக்கார் சொல்லிவிட்டார். பஸ் நகர்ந்தது. கீழே ஒரு கிழவி ஒரு காலைப் படியிலும் மறுகாலைத் தரையிலும் வைத்துக்கொண்டு தத்தளித்தாள். ஜவுபர் பாய்ந்து அவளைத் தூக்கி உள்ளே போட்டான். அவளுடைய கோழிக்கூடு மட்டும் வீதியோரத்தில் நின்றது. பெனடிக் பஸ்ஸை நிற்பாட்டிவிட்டு, பின்னால் வந்து, மரைக்கார் என்றும் பாராமல் பேசினார். கிழவியும் தன் பங்குக்குப் பேசினாள். மரைக்காரே இறங்கிப் போய்க் கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜவுபர் கூட்டை வாங்கிக் கிழவியின் காலடியில் வைத்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் மரைக்காருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவர் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஏறியவர் பிடித்துக்கொண்டாரா, இறங்கியவர் விலகிவிட்டாரா, கையில் பிள்ளை இருக்கிறதா, சாரன் நுனி கதவில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பார்க்க, அதே சொல் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வாயில் வந்தது. இளந்தாரிகள் தொங்கினால் அதட்டலாக வந்தது. வயது போனவர்கள் ஏறினால் தணிந்து வந்தது. இது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தார்.

சொன்ன அன்றிரவே மாட்டிக்கொண்டார். ஸகியா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மரைக்கார் கையைக் கோப்பைக்கு மேல் விரித்து, "றைட், றைட்" என்றார். அகப்பை அந்தரத்தில் நின்றது. அடுப்படியில் நதீரா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"என்ன சிரிப்பு" என்று மரைக்கார் அதட்டினார்.

"ஒண்டுமில்ல வாப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து சிரித்த சிரிப்பு நெடுநேரம் ஓயவில்லை. அன்று அவர் கோபத்தோடுதான் படுத்தார். ஆனால் இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று யோசித்துக்கொண்டும் படுத்தார்.

ஜவுபர் கடைசிவரைக்கும் சறுக்கவில்லை. அறுவடை முடிந்தது, சூடு மிதித்து நெல்லும் வீட்டுக்கு வந்தது, அவன் வாயில் அந்தச் சொல் வரவில்லை. வளவின் பின்பக்கத்தில் கிடுகு வேய்ந்த சிறு வீடு எழும்பியது. ஸகியா தினமும் காலையில் ஏதாவது ஒன்றை அங்கே கொண்டுபோய் வைப்பாள். தலையணை, வெற்றிலை வட்டா, தண்ணீர்க் குடம். மரைக்காரின் சாய்மனைக் கதிரையையும் கொண்டுபோனாள். மாலையில் அது பழைய இடத்துக்கே வந்திருக்கும். மறுநாள் காலை மறுபடியும் கொண்டுபோவாள். நான்கு கால் இருந்ததாலோ என்னவோ அந்தக் கதிரைதான் அந்த நாட்களில் அதிகம் அலைந்தது.

நிகாஹ் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு. வெள்ளைத் துணி கட்டிய வீட்டு மண்டபத்தில் மரைக்கார்மார் நிறைந்திருந்தார்கள். பெனடிக் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலடியில் நாற்காலியில் இருந்தார். ஜவுபர் தலைப்பாகையோடு லெப்பைக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அறபு வாசகத்தை உதட்டுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

"பொண்ணுக்கிட்டச் சம்மதம் கேட்டுட்டு வாங்க மரைக்கார்" என்றார் லெப்பை.

இது வாப்பாவின் வேலை. சாட்சிக்கு இரண்டு பேர் கூடப் போக வேண்டும். அபுல் ஹஸனும் மாப்பிள்ளையின் மாமன் பளீலும் எழுந்தார்கள். மகள் இருக்கும் அறை வாசலில் நின்று வாப்பா கேட்பார். பெண் பேசாமல் இருப்பாள். கன்னிப் பெண் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். சாட்சிகள் அந்த மௌனத்தைக் காதாரக் கேட்டு வந்து சபையில் சொல்வார்கள். இதில் கஷ்டமான வேலை எதுவும் இல்லை. ஊரில் எத்தனையோ வீடுகளில் மரைக்காரே சாட்சியாகப் போயிருக்கிறார்.

அறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. உள்ளே வளையல் ஒன்று கிணுங்கி அடங்கியது. மரைக்கார் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் திறந்தார். உன்னை இன்னாருக்கு நிகாஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்ற ஒரு வசனம்தான். அதைக் கேட்டு முடித்தால் இந்தத் திரை அவருடையதில்லை, திரை தொங்கும் நிலை அவருடையதில்லை. அது போனால் போகட்டும் என்றுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. கல்லும் ஓடும் என்ன பெரிய காரியம். இந்தக் கதவைத் தட்டாமல் உள்ளே போய், காய்ச்சலா மகள் என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவராக இவ்வளவு காலமும் இருந்தார். நாளையிலிருந்து முற்றத்தில் நின்று செருமிவிட்டுத்தான் வர வேண்டும். இத்தனை மாதமும் தான் சண்டை பிடித்தது இதோடுதான் என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

நேரம் போனது. பளீல் அபுல் ஹஸனின் காதில், "புள்ள பேசாமத்தானே இரிக்கிது. சம்மதம் எண்டு போய்ச் சொல்லுவமா" என்றார்.

"அவர் இன்னும் கேக்கல்ல" என்றார் அபுல் ஹஸன்.

"அப்ப இது ஆர்ர மௌனம்?"

மண்டபத்தில் யாரோ செருமினார்கள். லெப்பை ஓலைவிசிறியால் விசிறுகிற சத்தம் நின்றது. வாசலடியில் பெனடிக் எட்டிப் பார்த்தார். மரைக்கார் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது, துடைத்தால் சாட்சிகளுக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்காமல் நின்றார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, மணப்பெண் வாயே திறக்கக் கூடாத அந்த நேரத்தில், நதீரா மெதுவாகச் சொன்னாள்.

"வாப்பா. றைட்."

பளீல் திடுக்கிட்டார். அபுல் ஹஸன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சொல் எப்படிச் சொல்லப்பட்டது என்பது மரைக்காருக்கு மட்டும்தான் விளங்கியது. அதில் அவசரம் இல்லை, பகிடியும் இல்லை. வயது போன ஒருவர் படியில் ஏறி, கம்பியைப் பிடித்து, இனி விழ மாட்டார் என்று பார்த்துவிட்ட பிறகு சொல்கிற விதத்தில் மகள் சொல்லியிருந்தாள்.

அவர் திரையை விட்டார். நிமிர்ந்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் மண்டபம் வரைக்கும் கேட்டது.

"மகள், உன்ன முகம்மதுத்தம்பிர மகன் ஜவுபருக்கு நிகாஹ் செஞ்சி குடுக்க எனக்குச் சம்மதம் தாறியா?"

உள்ளே நதீரா முறைப்படி பேசாமல் இருந்தாள். மூன்று பேரும் அந்த மௌனத்தை நன்றாகக் கேட்டார்கள்.

திரும்பும்போது பளீல் அவருடைய முழங்கையைத் தொட்டார். சாட்சி சொல்ல வேண்டியவர், மனிதருக்கு மனம் கேட்கவில்லை.

"மரைக்கார், லெப்பை கேட்டா நான் சரியாச் சொல்லோணும். புள்ள முதல்ல ஒண்டு சொன்னாவே, அதுக்கு என்ன கருத்து? சம்மதமா, என்ன அது?"

"சம்மதம் எண்டது, பிறகு பேசாம இரிந்தாவே, அதுதான் பளீல். அத நீங்க லெப்பைக்கிட்டச் சொல்லுங்க" என்றார் மரைக்கார். "முதல்ல சொன்னது எனக்குச் சொன்னது."

சால்வையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் மண்டபத்துக்கு நடந்தார்.